களப்பில் ஊறவைத்த கல்லுத்தும்பு

இப்ப செயற்கைக்கால்கள் பெட்டியில் வருகின்றன. கறுப்பு நிறம், நல்ல மினுக்கம், ஒற்றைக் கையால் தூக்கலாம். அவற்றைப் பூட்டிவிடுகிற பிள்ளையள் தங்கள் நிலையத்து மலருக்கு நானும் எழுதவேணும் என்று வந்து கேட்டார்கள். அதில் ஒரு பிள்ளை, "அன்ரி, நீங்கள் அலுமினியத்துக்குள்ள கல்நார் வைச்சு முழங்கால் மூட்டு வார்த்தனீங்களாம், மெய்யோ?" என்றது. ஏதோ பேய்க்கதை கேட்கிறமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டது.

மெய்தான். அந்தத் தூசு நெஞ்சில் தங்கிவிடும், தொடவே கூடாது என்று இப்ப சொல்கிறார்கள். அப்ப எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னோடு வேலை செய்த பிலோமினா மூச்சை இழுத்து இழுத்துத்தான் செத்தவள். அதுக்கு இதுதான் காரணமோ என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவன். ஆனால் செய்த வேலையை எனக்கு இன்னொருவர் வந்து விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறந்தது முல்லைத்தீவுக் கரை. ஆம்பிளையளுக்குக் கடல், பொம்பிளையளுக்குத் தும்பு. தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கடலோடு ஒட்டின களப்புக் கரையில் கிடங்கு வெட்டித் தாட்டு, சேற்றால் மூடி, ஊறினபிறகு எடுத்து அடித்து அலசி, தொடையில் வைத்துக் கயிறு திரிப்போம். தொண்ணூறுக்குப் பிறகு சண்டையில் கடலுக்குப் போகத் தடை வந்து, கடல் இல்லையென்று போனது. என் மனுசனும் இல்லையென்று போனார். அது வேறு கதை, இதுக்குள் வேண்டாம். நான் கண்டாவளைப் பக்கம் வந்து ஒரு வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தபோது, களப்போரத்தில் இருந்த வார்ப்புப் பட்டறையில் கயிறு திரிக்கத் தெரிந்த பொம்பிளையள் வேணுமாம் என்றார்கள். என்னத்துக்கு என்று தெரியாமலே போனனான். பிலோமினாவும் வந்தாள். அவளும் எங்கள் கரைதான். பெரிய வாய்க்காரி.

பட்டறையை நடத்தினவர் குமாரவேலு மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் வார்ப்பு வேலை படிப்பித்தவர். வேட்டியை மடித்துக் கட்டி, கயிறு போட்ட கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கத் துடைக்க எங்களுக்குப் பயம் கூடும். நல்ல வேலையென்றால் "பரவாயில்லை" என்பார். அதுக்கு மேலே ஒரு சொல்லும் வராது. உருகின அலுமினியத்தை மட்டும் ஒரு பெரிய மனுசன்போல மரியாதையாகக் கதைப்பார். "ஆள் இன்னும் வரேல்லை. கொஞ்சம் பொறுங்கோ. இப்ப வாறார்."

கால் இழந்த சனம் அந்தக் காலத்தில் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே போனவர்களுக்குச் செய்வது சுகம். மேலே போனவர்களுக்கு மடங்குகிற மூட்டு வேணும். அதுக்கு ஏற்ற உருக்கு எங்களிடம் வருவதில்லை, அரசாங்கத் தடை. அலுமினியம்தான் இருந்தது. ஓட்டைச் சட்டி, யன்னல் சட்டம், பழைய பம்பின் பிஸ்டன். பாரமில்லாத சாமான், ஆனால் ஆணி போகிற காதுத் துளையடியில் கீறி வெடிக்கும். ஆள் இருந்து எழும்ப, இருந்து எழும்ப, ஒருநாள் டக்கென்று போய்விடும்.

"மண்சுவருக்கு வைக்கல் போட்டுக் குழைக்கிறதில்லையோ, பிள்ளையள்? வைக்கல் சுவரைப் பிடிச்சுக்கொண்டிருக்கும். நாங்கள் அலுமினியத்துக்கு ஒரு வைக்கல் தேடவேணும். எரியாத வைக்கல்." அதுதான் மாஸ்டர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடமும் கடைசிப் பாடமும்.

மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் நீராவிக் குழாய்களைச் சுற்றிக் கல்நார் இருந்தது. அதை உரித்து உரப்பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். சுண்ணாம்புச் சாந்து பிடித்து மட்டைமாதிரி இறுகிக் கிடக்கும். கையால் பிய்த்தால் பொடியாய்ப் போகும். நாங்கள் பார்த்தோம். பொச்சுமட்டைமாதிரித்தானே கிடக்கு என்று பிலோமினா சொன்னாள். களப்புக் கரையில் கிடங்கு வெட்டினோம், தாட்டோம், சேற்றால் மூடினோம். ஊறினபிறகு எடுத்து மரக்கட்டையால் அடித்துக் களப்பிலேயே அலசினால், சாந்து கழன்று வெள்ளை வெளேரென்று நார் வந்தது. பட்டுமாதிரி. மாஸ்டர் ஒரு இழையை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். நாங்கள் அதுக்குக் கல்லுத்தும்பு என்று பெயர் வைத்தோம். பட்டறை முழுக்க அந்தப் பெயர்தான்.

பிறகு ஆணிப் பலகையில் சீவி, தொடையில் வைத்துத் திரிப்பது. இறுக்கித் திரித்தால் உலோகம் உள்ளே போகாது, தளரத் திரித்தால் நார் கலையும். அந்தப் பதம் என் கையில்தான் இருந்தது; மற்றவர்கள் திரித்ததையும் மாஸ்டர் என்னிடம் தந்துதான் பார்க்கச் சொல்லுவார். திரித்ததைக் கம்பிக் கூட்டில் வைத்துக் கரிநெருப்பில் வாட்டுவோம். ஈரம் ஒரு துளி இருந்தாலும் உருகின அலுமினியம் பட்டவுடன் வெடித்து முகத்தில் அடிக்கும். கூட வாட்டினால் நார் உக்கிச் சாம்பல்போலக் கொட்டும். ஈரம் போய்விட்டதோ என்று மாஸ்டர் தன் கண்ணாடியை நாருக்கு மேலே பிடித்துப் பார்ப்பார். கண்ணாடியில் ஆவி படிந்தால் இன்னும் வாட்டவேணும்.

"மாஸ்டர், மனுசியையும் இப்பிடிக் கண்ணாடி பிடிச்சுப் பாத்துத்தானோ கட்டினனீங்கள்?" என்று பிலோமினா ஒருநாள் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அப்ப அவாவிட்டைத்தான் கண்ணாடி இருக்கேல்லை. அதாலதான் அவா என்னைக் கட்டினவா எண்டு இப்பவும் சொல்லுறவா, வடிவாய்ப் பாக்கேல்லை எண்டு."

அவர் சிரிக்கவில்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

அலுமினியம் தானாக நாரை அண்டாது. எண்ணெயும் தண்ணியும்போல விலகி நிற்கும். அதனால் இரும்பு அச்சையும் நாரையும் சூடாக்கி, இழைகளை இழுவை போகிற பக்கமாக நீட்டுக்கு அடுக்கி, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்து, ஊற்றின கையோடு மூடியைப் போட்டு லொறி ஜக்கால் நெரிப்போம். நெரித்தால்தான் உலோகம் இழைக்குள் புகும். ஜக்கின் பிடியை இரண்டு பேர் தொங்கி அமத்துவோம். முதல் மூட்டு சரிவந்த நாளில் மாஸ்டர் அதை ஒரு பலகைக்குக் கீழே பூட்டிவிட்டு, தான் அதன்மேல் ஏறி நின்றார். நின்று, குந்தி, எழும்பி, இறங்கி வந்து கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்கு அது கோபத்தில் இல்லை.

பட்டறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கால் பூட்டின ஆள், கொண்டுவந்த ஊன்றுகோலை எங்களிடம் விட்டுவிட்டுப் போகவேணும். அடுத்த ஆளுக்கு அது போகும். நல்ல மரம் தட்டுப்பாடான நேரம். சனமும் சந்தோஷமாய்த்தான் விட்டுவிட்டுப் போனது. ஊன்றுகோலைப் படலைக்கு வெளியே இருந்து உள்ளே எறிந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

தவமணி அப்படி எறிந்தவள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்த குடும்பம். புருசன் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளையள், ஒரு மாமி. விறகு பொறுக்கப்போன இடத்தில் மிதிவெடியில் இடது கால் தொடையோடு போனது. அவளுக்கு முப்பது வயதும் இராது. மார்கழி மாதம், மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு சைக்கிள் கரியரில் குந்திக்கொண்டு வந்தாள். "எனக்கு வடிவு வேண்டாம். வரம்பில நடக்கவேணும், குந்திக் களை பிடுங்கவேணும். அதுக்கு ஏலுமெண்டா அளவெடுங்கோ" என்றாள். மாஸ்டர் அவளுடைய மூட்டுக்கு இழைகளை என்னைத் திரிக்கச் சொன்னார். தானே அச்சில் அடுக்கினார். வார்த்து எடுத்து அரத்தால் ராவியபிறகு உட்பக்கத்தில் "த" என்று உளியால் வெட்டினார்.

பூட்டின அன்று கொட்டிலுக்குள் இரண்டு தரம் நடந்தாள். விழப்பார்த்தாள், பிடிக்க விடவில்லை. மூன்றாம் தரம் வளவைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றாள். "றீற்றாக்கா, என்ரை மனுசன் இருந்த காலத்திலயும் இவ்வளவு சொல்வழி கேட்டதில்லை" என்றாள். பிறகுதான் ஊன்றுகோலை எறிந்தாள்.

அடுத்த வருஷம் கோடை தொடங்க மூட்டுகள் முறிந்து வரத் தொடங்கின. முதலில் ஒன்று. ஆள் பாரம் கூட என்று நினைத்தோம். பிறகு ஒரு மெலிந்த மனுசனுடையது. மதகு ஒன்றைக் கடக்கிற நேரம் மூட்டு இரண்டாய்ப் போய், ஆள் கீழே விழுந்து, இருந்த நல்ல காலும் முறிந்தது. அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த மாஸ்டர் அந்த மூட்டை இரும்பு அறுக்கிற வாளால் அறுத்தார். உள்ளே இழை ஓடின இடமெல்லாம் வெள்ளை மா பூத்துக் கிடந்தது. அலுமினியம் அரித்துப் பொருக்காய் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். என்னிடமும் நீட்டினார்.

உப்பு.

நெருப்பு தண்ணியைத்தான் கொண்டுபோகும், உப்பைக் கொண்டுபோகாது. வேர்வையும் காற்றின் ஈரமும் பட, அந்த உப்பு உள்ளே இருந்து தின்றிருக்கிறது. பொச்சுமட்டைக்கு உப்புத்தண்ணி நல்லது, கயிறு உக்காது. எங்கள் கைக்குத் தெரிந்தது அது. பிலோமினா அழத் தொடங்கினாள்.

"அழவேண்டாம் பிள்ளை. நீங்கள் பழகின மாதிரிச் செய்தனீங்கள். நானும் கரையில நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். எனக்கும் தெரியேல்லை." சொல்லிவிட்டுக் கனநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "குடுத்த கால் எல்லாத்தையும் திருப்பி எடுக்கவேணும். ஒண்டும் மிச்சம் விடக்கூடாது" என்றார்.

கால் கொடுக்கப் போவதும் கால் வாங்கப் போவதும் ஒன்றில்லை. ஆளுக்கொரு திசையாய்ச் சைக்கிளில் போனோம். சிலர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஒரு கிழவர், "என்ரை காலைக் கழட்டுறதுக்கு முதல் என்ரை கழுத்தை நெரி" என்று என்னிடம் சொன்னார். கழற்றித்தான் கொண்டுவந்தேன். ஊன்றுகோல்கள் எல்லாம் வேறு வேறு ஆக்களிடம் போய்விட்டன; திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

தவமணியின் வீட்டுக்கு நான் போனது ஆடி முடிகிற நேரம். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நின்றாள். வாய்க்காலைத் தாண்டி வந்தாள், ஒரு எட்டில்.

"என்ன றீற்றாக்கா, கால் பாக்க வந்தனீங்களோ, மிளகாய் பிடுங்க வந்தனீங்களோ?"

"இருந்து கதைப்பம், வா."

இருக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். நான் முழுக்கச் சொன்னேன். மதகில் விழுந்த மனுசனையும் சொன்னேன். அவள் பாவாடையைத் தூக்கி மூட்டைக் காட்டினாள்.

"பாருங்கோ. எங்கை பூத்திருக்கு? வெள்ளை எங்கை?"

வெள்ளை இல்லைத்தான். நல்லெண்ணெய் பூசி மினுக்கி வைத்திருந்தாள்.

"வெளியில தெரியாது தவமணி. உள்ளுக்க இருக்கும்."

"உள்ளுக்க இருக்கிறது உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"எல்லாம் ஒரே களப்பில ஊறின தும்புதானே."

"விழுந்தா நான்தானே விழுறன். உங்களுக்கென்ன?"

"இருக்கிற காலும் போனா உன்ரை பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

மாமி தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுத் தள்ளி நின்றா. மெல்லிய மனுசி. அவாவுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தவமணி மண்வரம்பில் குந்தினாள். வாரைத் தானே அவிழ்த்தாள். என்னைத் தொட விடவில்லை. பாதத்தில் ஒட்டியிருந்த சேற்றை வழித்து எறிந்தாள். "செருப்பு என்ரை. அதைத் தரமாட்டன்" என்று செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டினாள்.

"புதுசு எப்ப?"

"நல்ல தண்ணியில அலசின தும்பு காயுது. வாற வெள்ளிக்கு நானே கொண்டுவந்து பூட்டிவிடுறன்."

"அதுவரைக்கும்?"

மாமி மண்வெட்டிப் பிடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தா. நான் வெளிக்கிடும்போது அவள் அதை ஊன்றி எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளை மிதித்தேன்.

வெள்ளி வரவில்லை. அதுக்கு முதலே செல் குண்டு விழத் தொடங்கியது. எல்லாரும் வெளிக்கிடுங்கோ என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் அச்சுகளையும் ஜக்கையும் திருப்பி எடுத்த கால்களையும் ட்ரக்ரர் பெட்டியில் ஏற்றினார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் திரும்பினேன். றோட்டு நிறையச் சனம் எதிரே வந்தது. மாடு, வண்டில், சட்டி பானை, கைக்குழந்தை. ஒரு அடி முன்னால் போக முடியவில்லை. "அங்காலை போகாதேங்கோ அம்மா, ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள். ஒருத்தரும் இல்லையென்றால் அவளும் வெளிக்கிட்டிருப்பாள் என்று நினைத்தேன். சனத்தோடு சனமாய்த் திரும்பிவிட்டேன்.

மல்லாவிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாமியைக் கண்டேன். இரண்டு பிள்ளையளும் அவாவுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. நான் கேட்க முதலே அவா சொன்னா:

"பிள்ளையளைக் கொண்டு ஓடுங்கோ மாமி, பக்கத்து வீட்டு வண்டில் வந்த உடனை நான் ஏறிவாறன் எண்டாள். வண்டில்காரர் வேறை பாதையால போயிட்டினமாம், பிள்ளை. எங்களுக்குத் தெரியேல்லை. அவள் படலையடியில அந்தத் தடியோடை நிண்டவள்."

அழவில்லை அவா. ஒரு தகவல் சொல்வதுபோலச் சொன்னா.

மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி மாஸ்டர் பட்டறையைத் திரும்பத் தொடங்கினார். அலுமினியம் இல்லை, திருப்பி எடுத்த மூட்டுகளை உருக்கித்தான் புதிது வார்க்கவேணும். உருக்க முதல் ஒவ்வொன்றையும் மரக்கொப்பில் கட்டி, மண் நிரப்பின உரப்பைகளை அதில் தொங்கவிட்டுப் பார்த்தார், எது எவ்வளவு தாங்கியிருக்கும் என்று அறியவேணுமாம். எல்லாம் முறிந்தன. சிலது முதல் பைக்கே போனது. ஒவ்வொன்றும் முறியும்போது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. எடுத்தது சரிதான், எடுத்தது சரிதான்.

"த" என்று வெட்டினதைக் கட்டினார். ஒரு பை, இரண்டு, மூன்று. கிடந்த பையெல்லாம் தொங்கவிட்டோம். பிலோமினாவும் நானும் கயிற்றில் தொங்கினோம். கொப்புத்தான் வளைந்தது.

"இது எப்ப வார்த்தது, றீற்றா?"

"மார்கழியில, மாஸ்டர். மழைக்குள்ள வார்த்தது இது ஒண்டுதான்."

"மார்கழியில களப்பில மழைத்தண்ணிதான் நிண்டிருக்கும்" என்றார். அவ்வளவுதான். மாரியில் களப்பு நல்ல தண்ணியாய்ப் போவதும், சனம் மாடு குளிப்பாட்டுவதும் எங்கள் கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும். அந்த ஆடியில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை, மாஸ்டருக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் ஒன்றையும் விடாமல் எடுக்கத்தான் சொல்லியிருப்பார், நானும் எடுத்துத்தான் இருப்பன். காலை வாங்கினது பிழையென்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டன். சரியான வேலைதான் செய்தனான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் காலை உருக்கவில்லை. வாரை மாற்றி, ஆணிக்கு எண்ணெய் விட்டு, கொட்டில் மரத்தில் ஒரு ஆணியில் மாட்டினேன். மாமி வெள்ளிக்கிழமைகளில் வருவா. வந்து ஆணியைப் பார்ப்பா. "அவள் வந்தாளெண்டா உடனை பூட்டலாம், என்ன?" என்பா. "ஓம் அம்மா, உடனை பூட்டலாம்" என்பேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவா. பிள்ளையள் வளர்ந்தன. நாங்கள் நல்ல தண்ணியில் அலசின தும்பில் வார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த மூட்டுகள் முறியவில்லை. தவமணியைக் கண்டதாய் ஒருவரும் வந்து சொல்லவில்லை.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முதல் பூவரசங்குளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடது கால், தொடையோடு. கைக்குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு தவழ்ந்துதான் கொட்டிலுக்குள் வந்தாள். நெருப்புக்குக் கரி இல்லாமல் வார்ப்பு நின்றுபோயிருந்த நேரம். மாஸ்டர் அளவெடுத்தார். எடுத்து முடித்தபிறகும் அளவு நாடாவைச் சுருட்டாமல், ஆணியில் மாட்டியிருந்த காலைப் பார்த்தார்.

"றீற்றா, அளவு சரியா இருக்கு. குடுப்பமோ?"

அவர் என்னைக் கேட்டு ஒன்றும் செய்கிறவர் இல்லை. அன்றைக்குக் கேட்டார்.

"குடுங்கோ" என்றேன்.

நானே பூட்டிவிட்டேன். அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டில் ஏறி நடந்து போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாமி வந்தா. வெறும் ஆணியைப் பார்த்தா. நான் எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைக்கப் போனேன். திரும்பிப் பார்க்க, அவா படலையைச் சாத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தா. அதுக்குப் பிறகு அவா வரவில்லை.